செருப்பு தெரியுதா, அக்கா?

ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, சுவரில் மூக்கு உரச நின்று, "செ... ரு... அடச்சே, இந்தப் 'பை' எங்க போய்த் தொலைஞ்சுது?" என்று தேடிக்கொண்டிருக்கிறார் சுத்தல் அக்கா. புதிதாக வருகிறவர்கள், அக்காவுக்குக் கண் பரிசோதனை நடக்கிறது போலிருக்கிறது என்று ஓசைப்படாமல் திரும்பிப் போய்விடுவார்கள். பரிசோதனை அக்காவுக்கு இல்லை. அவர் விரலிடுக்கில் ஒரு ரத்த டியூப் இருக்கிறது. சீவிச் சீவித் தேய்ந்த பென்சில் துண்டு அளவுதான் இருக்கும். பரிசோதனை அதற்கு.

இடம், ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பச்சைக் குழந்தைகள் வார்டை ஒட்டிய லேப். லேப் என்று மரியாதைக்குச் சொல்கிறோம். உள்ளே இரண்டு பேர் ஒரே நேரத்தில் கொட்டாவி விட்டால் சுவரில் விரிசல் விழும். ஒரு மேசை, ஒரு நாற்காலி, ரத்தத்தில் கொழுப்பு எவ்வளவு என்று எண் சொல்லும் ஒரு மெஷின், வராந்தாவைப் பார்த்த கண்ணாடி ஜன்னல். நடுவில், டியூப்களை வைத்துச் சுற்றும் இயந்திரம். அக்கா அதை ராட்டினம் என்பார். "ஏறுங்கப்பா, ஏறுங்க, கம்பியக் கெட்டியாப் புடிச்சுக்கங்க" என்று சொல்லித்தான் டியூப்களை உள்ளே வைப்பார். அது சுற்றி நின்றதும், "யாருக்காவது தலை சுத்துதா?" என்று விசாரித்துவிட்டுத்தான் எடுப்பார்.

ராட்டினத்தில் ஏறி இறங்கினால் ரத்தம் இரண்டாகப் பிரியும். சிவப்பெல்லாம் அடியில் போய் உட்காரும். மேலே இளமஞ்சளாக ஒரு நீர் நிற்கும். அது கண்ணாடி மாதிரி நின்றால் நல்லது. ரத்தத்தில் கொழுப்பு ஏறிப்போயிருந்தால் அந்த நீர் பாலாக வெளுத்துவிடும். மெஷின் சரியான எண்ணைச் சொல்லும்தான். ஆனால் அது பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி, வாயைத் திறக்கவே நேரமாகும். அதுவரை வார்டுக்காரர்களுக்கு இருப்புக்கொள்ளாது. அவர்களுக்கு ஒரு முன்சேதி கொடுக்க அக்கா கண்டுபிடித்ததுதான் இந்தச் சுவர்.

சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. 'செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்.' அதற்குக் கீழே, எறும்பு வரிசை போல, 'நிர்வாகம்.' வார்டு வாசலுக்கு ஒன்று போதும். அச்சடித்தவர் இரண்டு கொடுத்துவிட்டார். மிச்சத்தை வீணாக்குவானேன் என்று லேபில் ஒட்டிவிட்டார்கள். அக்கா டியூபை அந்த எழுத்துகளின் மேல் பிடிப்பார். பின்னால் இருக்கும் எழுத்து பளிச்சென்று தெரிந்தால் ரத்தம் தெளிவு. தெரியாவிட்டால் கொழுப்பு. முதலில் சிரித்தவர்கள் எல்லாருக்கும் இப்போது அதுதான் பாஷை. சின்ன டாக்டரம்மாகூட மெஷின் எண்ணுக்காகக் காத்திருக்கும்போது ஜன்னலில் தலையை நீட்டி, "செருப்பு தெரியுதா, அக்கா?" என்றுதான் கேட்பார்.

இதில் வேடிக்கை, அந்த நோட்டீஸைத் தினமும் எழுத்தெழுத்தாகப் படிக்கிற ஒரே ஆள் அக்கா. அதன்படி நடக்காத ஒரே ஆளும் அக்காதான். அவர் காலில் எப்போதும் ஒரு ரப்பர் செருப்பு. நடந்தால் டப் டப் என்ற சத்தத்தில் மாடியில் தூங்குகிறவர் எழுந்து பல் தேய்க்கப் போய்விடுவார். வார்டின் பெரிய சிஸ்டர் கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டார்.

"ஏம்மா சுத்தல், எழுதி ஒட்டியிருக்குல்ல?"

"ஒட்டியிருக்கு சிஸ்டர். அது மத்தவங்களுக்குப் படிக்கிறதுக்கு. எனக்குப் பாக்குறதுக்கு."

சுத்தல் என்று பெயர் வந்ததற்கு ரத்தம் சுற்றுவது பாதிக் காரணம். மீதி, அவர் சுற்றுகிற ரீல். அக்கா வாயிலிருந்து ஒரு சேதி வெளியே வரும்போது நிஜத்தைவிடப் பத்து மடங்கு பெருத்துத்தான் வரும். பள்ளி வேன் ஓட்டும் அவர் கணவர் குறட்டை விட்டால் தெருவில் வண்டிகள் ஒதுங்கி வழிவிடுமாம். அக்கா துவைத்த புடவையின் வெளுப்பைப் பார்த்து ஒரு விமானம் தரையிறங்கப் பார்த்ததாம். கணவர் நல்ல மனிதர், அதிகம் பேசமாட்டார். ஒருமுறை சாப்பாட்டுக் கூடை கொடுக்க வந்தவர் எல்லாருக்கும் ஒரு கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்: "அவ சொல்றதுல பாதியக் கழிச்சிருங்க. மீதிய ரெண்டா வகுத்துக்கங்க. அப்பவும் முழுசா நம்பாதீங்க."

வார்டில் உள்ள குழந்தைகளுக்கெல்லாம் அக்கா பெயர் வைத்திருக்கிறார். கொழுகொழுவென்று இருப்பதற்கு ஈர்க்குச்சி. ஓயாமல் அழுவதற்கு ஊமையன். ஓரத்துக் கண்ணாடிப் பெட்டியில், உள்ளங்கையில் வைத்தால் விரல் மிச்சமிருக்கும் அளவுக்கு ஒன்று வந்தது. அது பயில்வான். ஆனால் அக்கா எந்தக் குழந்தையையும் கண்ணால் பார்த்ததில்லை. வார்டு வாசலைத் தாண்டியதே இல்லை. குதிகாலில் குத்தி எடுத்த நாலைந்து சொட்டு ரத்தம் வரும், சிஸ்டர்கள் சொல்லும் சேதி வரும், அவ்வளவுதான் உறவு. ஏன் உள்ளே போவதில்லை என்று கேட்டால், "நான் போனா அத்தனையும் என் மடிதான் வேணும்னு அடம் புடிக்கும். பெத்தவங்க கோவிச்சுக்குவாங்க" என்பார்.

பயில்வானுக்குக் குறைமாதம். பால் குடிக்க வயிறு இன்னும் தயாராகவில்லை. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு நரம்பு வழியாகக் கொழுப்பு டிரிப்ஸ் ஏற்றுவார்கள். பார்க்கப் பால் போலவே இருக்கும். உடம்பு அதை எடுத்துச் செலவழித்துச் சதை போட்டுக்கொள்ள வேண்டும். பயில்வானும் ஒழுங்காகத்தான் செலவழித்துக்கொண்டிருந்தான். நடுவில் ரத்தத்தில் கிருமி புகுந்துவிட்டது. அன்றிலிருந்து கொழுப்பு அப்படியே ரத்தத்தில் நின்றது. மருந்து ஒரு பக்கம் ஏற, டிரிப்ஸைப் பாதியாகக் குறைத்தார்கள். அப்புறம் நிறுத்தியே விட்டார்கள். அப்படியும் தெளியவில்லை.

அக்கா இதை இப்படி விளக்குவார்: "வீட்டுக்குள்ள திருடன் புகுந்துட்டா யாருக்குங்க சாப்பாடு இறங்கும்? ஆளாளுக்குத் தடியத் தூக்கிட்டு நிப்பாங்க. ஆக்குனது ஆக்குனபடி கெடக்கும்."

அப்படி ஒரு நாள் காலையில்தான், டியூபைச் சுவரில் வைத்துப் பார்த்துவிட்டு, ஜன்னல் வழியாக வராந்தாவில் போன பெரிய சிஸ்டரிடம் அக்கா குரல் கொடுத்தார். "சிஸ்டர், பயில்வானுக்கு இன்னைக்கும் செருப்பு தெரியல."

வராந்தா பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். செருப்புக் கடையில் வேலை செய்கிறவர். எதிரில் வருகிறவர் முகத்தைப் பார்க்கவே மாட்டார், காலைத்தான் பார்ப்பார். மாமியாரைக்கூட ஏழாம் நம்பர் என்றுதான் அடையாளம் வைத்திருந்தார். கையைப் பிசைந்துகொண்டு எவ்வளவு நேரம்தான் சும்மா உட்கார்வது. யாரோ பயில்வானாம், செருப்பைத் தொலைத்துவிட்டாராம். நமக்குத் தெரிந்த ஒரே வேலை இது, செய்து கொடுப்போம் என்று எழுந்து போனார். வார்டு வாசலில் கிடந்த செருப்பு மலையைக் கலைத்து, ஜோடி சேர்த்து, அளவுவாரியாக அடுக்கி, கடைசியில் படகு மாதிரி ஒரு ஜோடியைக் கையில் ஏந்திக்கொண்டு லேப் ஜன்னலுக்கு வந்தார்.

"அக்கா, பயில்வான் செருப்பு கெடைச்சுருச்சு. பதினோரு நம்பர். ஆளு ஆறடிக்கு மேல இருப்பாருல்ல?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது என்று சொன்னால் போதாது. மேசை ஆடியது, மேசை மேலிருந்த ராட்டினம் ஆடியது. "ஆறடியா? தம்பி, எங்க பயில்வான் நீட்டிப் படுத்தா உங்க பாதத்தவிடக் கொஞ்சம்தான் நீளம். இந்தச் செருப்புல அவரு படுத்துத் தூங்கலாம்."

"அவ்ளோ சின்ன ஆளா? யாருக்கா அது?"

"உள்ள, ஓரத்துக் கண்ணாடிப் பெட்டி."

அவர் கையிலிருந்த செருப்பைக் கீழே வைத்தார். கடையில் வாடிக்கையாளர் காலடியில் வைப்பதுபோல, இரண்டையும் சேர்த்து, மெதுவாக.

"அது என் பையன்க்கா."

அன்றைக்குத்தான் அந்த லேபில் ராட்டினம் சுற்றும் சத்தம் வெளியே கேட்டது. அதுவரை அக்கா பேச்சு அதை அமுக்கியே வைத்திருந்தது.

அப்புறம் அக்கா ஜன்னலோரம் வந்து, சுவரைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னார். செருப்பு என்றால் என்ன, தெரியவில்லை என்றால் என்ன என்று. சின்ன டாக்டரம்மா வந்து மீதியைச் சொன்னார். "கொழுப்பு ஏத்துனா ரத்தத்துல தேங்குது. ஏத்தாம விட்டா எடை ஏற மாட்டேங்குது, கிருமியோட சண்டை போடத் தெம்பில்ல. ரத்தம் தெளியணும். தெளிஞ்சா திரும்ப ஆரம்பிச்சுடலாம். இப்ப நாம காத்திருக்கிறது அதுக்குத்தான்."

பயில்வானின் அப்பா தலையாட்டினார். பிறகு அக்காவிடம் மட்டும் சொன்னார். "கடையில பொறந்த கொழந்தைக்குன்னு ஒரு அளவு வெச்சிருக்கோம்க்கா. இவன் காலுக்கு அது பக்கெட்டு மாதிரி இருக்கும்."

"வெச்சிருங்க. பயில்வான் வளந்து வருவாரு" என்றார் அக்கா.

அதிலிருந்து அவர் தினமும் பெஞ்சில் இருந்தார். ஒன்றும் கேட்க மாட்டார். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பி நிற்பதைத் திறந்திருக்கும் லேப் வாசல் வழியாகப் பார்ப்பார். எழுத்தைத் தேடும்போது அக்காவின் குதிகால் செருப்பை விட்டு மேலே எழும்பும். தெரியவில்லை என்றால் இரண்டு குதிகாலும் பொத்தென்று இறங்கும். அக்கா திரும்பி வாயைத் திறப்பதற்குள் அவர் எழுந்து போயிருப்பார்.

"என்ன தம்பி, நான் சொல்லவே இல்லையே?"

"உங்க கால் சொல்லிருச்சுக்கா."

அவர் மனைவி மேல்மாடியில், வயிற்றில் தையலோடு படுத்திருந்தார். இறங்கி வர இன்னும் அனுமதி இல்லை. அவருக்காக அக்கா தினமும் ஒரு ரீல் சுற்றிக் கொடுத்தனுப்புவார். பயில்வான் உதைத்த உதையில் நர்ஸம்மா மூக்குக் கண்ணாடி பறந்து, பக்கத்துப் பெட்டி ஈர்க்குச்சி கண்ணில் போய் உட்கார்ந்ததாம். ஈர்க்குச்சி கண்ணாடியோடு பேப்பர் படிக்கிறானாம். மனைவி தையலைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார், "அய்யோ போதும்னு சொல்லுங்க, பிரிஞ்சுரும்" என்பார். மறுநாள் காலையிலேயே, "இன்னைக்கு அக்கா என்ன விட்டாங்க?" என்று கேட்பார்.

ஒரு நாள் அவர் ரீல் வாங்கிக்கொண்டு கிளம்பவில்லை. ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, இன்னைக்கு வேற ஒண்ணு வேணும். செருப்பு தெரியுதுன்னு சொல்லிருங்க. கொஞ்சமாத் தெரியுதுன்னாகூடப் போதும். அவ நேத்துலருந்து சிரிக்க மாட்டேங்குறா. டாக்டர்கிட்ட கேக்கல. உங்ககிட்டதான் கேக்குறேன். நீங்கதான் எவ்வளவோ விடுறீங்க."

ஆனானப்பட்ட அக்கா, ரீல் எதுவும் சுற்றாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வேறு யாராவது பார்த்திருந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பார்கள்.

"தம்பி, உலகத்துல எதப் பத்தி வேணா கேளுங்க, விடுறேன். டியூபப் பத்தி மட்டும் எனக்கு விட வராது." கொஞ்சம் தண்ணீர் குடித்தார். "நான் ஏன் வார்டுக்குள்ள போறதில்லன்னு எல்லாரும் கேக்குறாங்க. மடி, அடம்னு ஏதாச்சும் சொல்லி வெப்பேன். நெசம் அது இல்ல. மொகத்தப் பாத்துட்டேன்னா என் கண்ணு பொய் சொல்லும் தம்பி. மங்கலா இருக்குறதக்கூடத் தெரியுதும்பேன். இந்த ஒரு எடத்துலயாச்சும் அது ஒழுங்கா இருக்கட்டும்னுதான்."

"சரிக்கா."

"வீட்டம்மாகிட்ட சொல்லுங்க, சுத்தல் இன்னும் தெரியலன்னுதான் சொன்னாள்னு. தெரியுற அன்னைக்கு நானே கத்துவேன். மேல்மாடிக்குக் கேக்கும். அது ரீல் இல்ல."

மனைவி அதைக் கேட்டுவிட்டு, "அப்ப அவங்க கத்துற அன்னைக்கு நம்பலாம்ல?" என்றாராம்.

அடுத்து வந்த நாட்களில் மருந்தை மாற்றினார்கள். பயில்வான் உடம்பின் நிறம் கொஞ்சம் திரும்பியது என்றார் பெரிய சிஸ்டர். காய்ச்சல் சமாசாரம் அடங்கியது என்றார் டாக்டரம்மா. அக்கா யாரையும் நம்பவில்லை, சுவரைத்தான் நம்பினார். சுவரில் முதலில் 'செ' நிழலாடியது. மறுநாள் அதுவும் போனது. பெஞ்சில் இருந்தவர் அந்தக் குதிகால்கள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஒரு காலை. டியூப் வந்தது. "ஏறுங்க பயில்வான், இன்னைக்குத் தனி வண்டி" என்று அக்கா அதை ராட்டினத்தில் ஏற்றினார். சுற்றி நின்றது. எடுத்தார். சுவருக்குப் போனார். ஒரு கண்ணைப் பொத்தினார். குதிகால் மேலே போனது.

இறங்கவில்லை.

பெஞ்சில் இருந்தவர் எழுந்து நின்றார். அக்கா டியூபைத் துணியால் துடைத்தார், மறுபடி வைத்தார். பொத்தியிருந்த கண்ணை மாற்றிப் பார்த்தார். டியூபைக் கீழே நகர்த்தினார், இன்னும் கீழே நகர்த்தினார். குதிகால் உயர்ந்தபடியே இருக்க முழங்கால் மட்டும் மடங்கியது. அந்த நிலையில் யாராலும் நிற்க முடியாது, அக்கா நின்றார். பிறகு கத்தினார். கூரை விசிறி ஒரு சுற்று எதிர்ப்பக்கமாகச் சுற்றியது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், விட்டுவிடுவோம். மேல்மாடிக்குக் கேட்டது மட்டும் சத்தியம்.

"பயில்வானுக்குச் செருப்பு தெரியுது. செருப்பு மட்டுமில்ல, கழற்றி தெரியுது, விட்டு தெரியுது, உள்ளே தெரியுது, வரவும் தெரியுது. அடியில நிர்வாகமே தெரியுது."

வார்டுக்குள்ளிருந்து சின்ன டாக்டரம்மா ஓடிவந்தார். "நிர்வாகமா? நான் வேலைக்குச் சேந்ததுலருந்து அத ஒருத்தரும் பாத்ததில்லயே அக்கா."

"நான் பாத்துட்டேன் டாக்டர். பயில்வான் காட்டிட்டாரு."

"இருங்க, எண்ணு வரட்டும்" என்று மெஷின் முன்னால் நின்றார் டாக்டரம்மா. அவருக்கே இருப்புக்கொள்ளவில்லை, மெஷினைத் தட்டினார். பெரிய சிஸ்டர் வந்தார். பெஞ்சில் இருந்தவர் வந்தார். இரண்டு பேர் கொட்டாவி விட முடியாத அறையில் நாலு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அக்கா மெஷினைப் பார்த்து, "சொல்லித் தொலையேண்டா, பொண்ணு புடிச்சிருக்கா இல்லையா?" என்றார். எண் வந்தது. டாக்டரம்மா அதை இரண்டு தரம் படித்துவிட்டு, "புடிச்சிருக்காம்" என்றார். "நல்லாத் தெளிஞ்சிருக்கு. இன்னைக்கே கொஞ்சமா ஆரம்பிச்சுடலாம்."

செருப்புக் கடைக்காரர் அழவில்லை. அவர் குனிந்து பெரிய சிஸ்டரின் காலைப் பார்த்து, "சிஸ்டருக்கு ஆறு நம்பர்" என்றார். அக்கா காலைப் பார்த்து, "உங்களுக்கு எட்டு" என்றார். டாக்டரம்மாவுக்கும் சொல்லிவிட்டு, சொல்ல வேறு ஒன்றும் வராமல், மேல்மாடிக்கு ஓடினார். ஓடத் தேவையே இருக்கவில்லை. படிக்கட்டுப் பாதியில் மனைவி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார், பின்னால் ஒரு நர்ஸ் திட்டிக்கொண்டே வந்தாள். "எனக்குக் கேட்டுருச்சு" என்றார் மனைவி. "நிர்வாகம்னு ஏதோ சொன்னாங்களே, அது என்ன?"

அதற்குப் பிறகு பயில்வான் திரும்பிப் பார்க்கவில்லை. கொழுப்பு ஏறியது, ஏறியதெல்லாம் செலவானது, சுவரில் நிர்வாகம் ஒரு நாளும் மறையவில்லை. அம்மாவின் பால் மெல்லிய குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக வயிற்றுக்குள் போனது, பிறகு கரண்டியில், பிறகு நேராகவே. டிரிப்ஸைக் கழற்றினார்கள். அக்கா கணக்குப்படி அவன் கன்னம் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே பிதுங்கியது. பாதியைக் கழித்து மீதியை வகுத்தாலும், கன்னம் என்று ஒன்று இருந்தது.

வீட்டுக்குப் போகிற நாள். லேப் வாசலில் அம்மா நின்றார், கையில் துணி மூட்டையாகப் பயில்வான். பக்கத்தில் அப்பா, வழக்கம்போல் தரையைப் பார்த்துக்கொண்டு.

"அக்கா, உள்ள வரலாமா?" என்று கேட்டார் அப்பா.

"வேணாம், அங்கயே இருங்க." அக்கா டியூப் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இவரு டியூப் இனிமே என்கிட்ட வராதுல்ல?"

"வராதுக்கா. டாக்டரம்மா எழுதிக் குடுத்துட்டாங்க."

"நல்லாக் கேட்டீங்களா?"

"ரெண்டு தடவ கேட்டேன்க்கா."

அக்கா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டார். டப், டப் என்று வாசலுக்கு வந்தவர், நோட்டீஸுக்கு நேராக நின்றார். அதை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு குனிந்து, இரண்டு செருப்பையும் கழற்றி, சுவரோரம் ஜோடியாகச் சேர்த்து வைத்துவிட்டு, வெறுங்காலோடு, சத்தமே இல்லாமல், முகத்தைப் பார்க்கப் போனார்.